கேத்திலில் படியும் கல்லும் கிணற்றில் தெரியாத நஞ்சும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்கேத்தில் பாவிக்கும் வீடுகளில் அதன் அடியில் வெண்ணிறப் படிவைக் காணாத வீடு அரிது. வெந்நீர்ச் சாதனங்கள் உரிய காலத்துக்கு முன்னரே பழுதடைவதும் நீராவி இஸ்திரிப்பெட்டியின் துளைகள் அடைபட்டுப் போவதும் அங்கு எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. கிணற்று நீரைத் தாங்கிக்கு ஏற்றி, அதனையே குழாய்வழியாகப் பெறுகின்ற மக்கள் இவற்றைத் தலைவிதியென ஏற்றுக்கொண்டு விட்டனர்.

குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கீழிறங்கும் மழைநீர், அக்கல்லையும் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. நீரைச் சூடாக்கும்போது கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் படிகின்றது. இப்பாறைப் படுக்கை மன்னார் ஊடாகப் புத்தளம் வரை நீள்கின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக விளங்கியதும் இதே கல்தான். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்களுக்கும் ஆகவே இது அந்நியமான பிரச்சினையல்ல.

இதனால் ஏற்படும் நட்டம் எந்தப் பற்றுச்சீட்டிலும் பதிவாவதில்லை. சுண்ணாம்புப் படிவு வெப்பத்தை இலகுவில் கடத்தாது. எனவே, அதே அளவு நீரைக் கொதிக்கவைக்கக் கூடுதல் நேரமும் மின்சாரமும் செலவாகின்றன. வெப்பச் சுருளும் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்து போகின்றது. சவர்க்காரம் நுரைக்காமல் திரைவதால் சலவைச் செலவும் ஏறுகின்றது. வினாகிரியை அல்லது தேசிக்காய்ச் சாற்றை ஊற்றிவைத்துக் கழுவினால் கேத்திலின் படிவு நீங்கிவிடும். வெந்நீர்ச் சாதனத்தின் வெப்பநிலையைக் குறைத்து வைத்தால் படிவு குறையும். பெரிய செலவின்றிச் செய்யக்கூடியவை இவை.

ஆனால் மக்களின் அச்சம் வியாபாரமாக மாறியிருப்பதே கவலைக்குரியது. கேத்திலில் படிவது சிறுநீரகத்திலும் படியும் என்று கூறி இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. இலங்கைத் தர நியமம் குடிநீரின் கடினத்தன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என எல்லை வகுத்துள்ள போதிலும், உலக சுகாதார அமைப்பு உடல்நலத்தின் அடிப்படையில் எல்லை எதனையும் விதிக்கவில்லை. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய் தொடர்பில் புளோரைட்டுடன் சேர்ந்த கடினநீரும் சந்தேகிக்கப்படுவது உண்மையே. எனினும், அந்நோய்க்கான காரணம் இன்னமும் அறுதியிட்டுக் கூறப்படவில்லை.

விற்கப்படும் இயந்திரங்களும் குற்றமற்றவையல்ல. நீரை மென்மையாக்கும் கருவி சுண்ணாம்பை அகற்றி அதற்குப் பதிலாகச் சோடியத்தைச் சேர்க்கின்றது. அதனைப் புதுப்பிக்க இடையிடையே கறியுப்பு தேவை. அந்த உப்புக் கழிவு வளவுக்குள்ளேயே விடப்படுகின்றது. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையூடாக அது அயல் கிணற்றை அடைவதற்கு அதிக காலம் எடுக்காது. ஏற்கெனவே உவரேறி வரும் மண்ணுக்கு நாமே உப்பிடுவது எவ்வகையில் நியாயம்? வடிகட்டும் இயந்திரங்களில் அநேகமானவையோ, உள்ளெடுக்கும் நீரில் பெரும்பகுதியைக் கழிவாகவே வெளியேற்றுகின்றன.

கண்ணுக்குத் தெரியும் சுண்ணாம்பு செலவை வைக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்று உயிருக்கே உலை வைக்கக்கூடியது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளிக்கொட்டும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே வெடிப்புகளூடாகவே கிணறுகளைச் சென்றடைகின்றன. அதற்கு நிறமுமில்லை, சுவையுமில்லை, படிவுமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் பாலூட்டும் போத்தலில் மாக்கரைத்துக் கொடுக்கப்படும் பச்சிளங்குழந்தைகளுக்கு அது ஆபத்தாகும். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், சுண்ணாம்பும் ஓரளவு படியும். நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறிவடையும். மென்மையாக்கும் சாதாரண கருவியாலும் அதனை அகற்ற முடியாது. கேத்தில் சுத்தமாக இருக்கின்றது என்பதால் நீரும் பாதுகாப்பானது என்று ஒரு தாய் நம்பிவிட்டால், அந்தப் பிழைக்கு அவளைக் குற்றஞ்சாட்ட முடியுமா?

சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர்நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றப் படியேறிய பின்னரே குடிநீருக்கு நீதி கிடைக்கும் என்ற நிலை தொடர முடியாது.

2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை உற்பத்தி செய்யும் கொள்ளளவு உடையது. உப்பகற்றப்பட்ட கடல்நீரில் சுண்ணாம்பும் சொற்பமே. எனினும், குழாய் இணைப்புப் பெற்றவர்களும் தோட்டத்துக்கும் துவைப்பதற்கும் கிணற்றையே நாடுவர். இணைப்புக் கிடைக்காதவர்களுக்குக் குடிப்பதற்கும் அதுவே கதி. ஆதலால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் சுகாதாரத் திணைக்களமும் கிராம அலுவலர் பிரிவு ரீதியாகக் கிணறுகளைப் பரிசோதித்து, கடினத்தன்மை, நைத்திரேற்று, உவர் ஆகிய மூன்றின் அளவையும் பிரதேச சபை அறிவித்தற் பலகைகளில் தமிழில் ஒட்ட வேண்டும். மாரிக்குப் பின்னர் ஒரு தடவையும் கோடை உச்சத்தில் மறு தடவையுமாக வருடத்துக்கு இரு பரிசோதனைகளேனும் தேவை. மழைக்காலத்துக் கிணறும் ஆவணி மாதத்துக் கிணறும் ஒன்றல்ல.