இறுகின நட்டும் சாயங்கால அவசரமும்

மாருதி 800 தயாரிப்பை 2014-லயே நிறுத்திட்டாங்க. எங்க பக்கம் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. காய் ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போற தம்பிக்கு அந்த வண்டிதான் சோறு. அது நாலு நாள் நின்னா வெண்டைக்காய் செடியிலேயே முத்திப்போகும்.

இந்த மாதிரி வண்டியில சைலன்சர் மேனிஃபோல்டைக் கழட்டும்போதுதான் வம்பே. வருஷக்கணக்கா சூட்டுல வெந்து நட்டும் ஸ்டட்டும் துருப்பிடிச்சு ஒண்ணாக் கிடக்கும். ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி ஒரே இழு. ஸ்டட் பட்டுன்னு முறியும். உடனே "ஹெட்டையே மாத்திடுங்க"ங்கிறாங்க. இதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

துருங்கிறது வெறும் அழுக்கு இல்லீங்க. இரும்பு துருவானா முன்ன இருந்ததைவிட அதிக இடம் பிடிக்கும். மரைக்கு நடுவுல ஆப்பு மாதிரி இறுகி நிக்கும். ஆப்பை முறுக்கியா எடுப்பாங்க?

முதல் நாள் சாயங்காலமே கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, துரு எண்ணெய் விட்டு, சின்னச் சுத்தியால நட்டைச் சுத்தி லேசாத் தட்டுங்க. அதிர்வுல எண்ணெய் உள்ள இறங்கும். ராத்திரி ஊறட்டும். காலையில ஆறு மூலையையும் பிடிக்கிற பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, முதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல் அசைச்சுட்டு அப்புறம் கழட்டுங்க. சிக்கினா திரும்ப உள்ள விட்டு, மறுபடி எண்ணெய். நட்டை மட்டும் சூடு பண்ணினா அது விரிஞ்சு கொடுக்கும். ஆனா எண்ணெயும் பெட்ரோல் பைப்பும் இருக்கிற இடத்துல நெருப்பை வீட்டு வாசல்ல வச்சு விளையாடாதீங்க, பட்டறைக்காரர் பார்த்துக்கட்டும்.

முறிஞ்சே போனாலும் ஹெட் செத்துடலை. நீட்டிக்கிட்டிருக்கிற துண்டு மேல புது நட்டை வச்சு வெல்டு பண்ணினா, அந்தச் சூட்டுலயே பாதி வேலை முடிஞ்சிடும். மரையே போனாலும் நல்ல லேத்துல பெருசா டேப் போட்டு கம்பிச்சுருள் மரை உட்கார வைப்பாங்க. ஈசி அவுட்டை மட்டும் அவசரப்பட்டு முறுக்கவே கூடாது. அது கடினமான எஃகு. உள்ள ஒடிஞ்சா சாதா டிரில்லு ஏறாது.

மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரலை. காலையில வண்டியை விட்டுட்டு அரைமணிக்கு ஒரு தரம் போன் போட்டா அவர் எங்க ஊற வைப்பார்? "நாளைக்கு வாங்கிக்கிறேன், பொறுமையாக் கழட்டுங்க"ன்னு நீங்கதான் சொல்லணும். ஊற வச்ச நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்க. திரும்ப மாட்டும்போது புது நட்டு, மரையில கொஞ்சம் காப்பர் கிரீஸ். அதையும் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்க.