போரும் ஊராட்சியும்

போர் மூண்டால் அதிகாரம் தலைநகரை நோக்கி ஓடும் என்பது அரசியலில் அரிச்சுவடிப் பாடம். ரஷ்யாவின் பெரும் படையெடுப்பு 2022 பெப்ரவரி 24ஆந் திகதி தொடங்கியபோது, உக்ரேன் தேசம் அப்பாடத்தைப் பாதியளவே மெய்ப்பித்தது.

அந்நாட்டில் முன்பு பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம, நகர மன்றங்கள் இருந்தன. பெயருக்குத்தான் மன்றங்கள், பணமோ அதிகாரமோ பலவற்றிடம் இல்லை. 2014 ஏப்ரலில் மந்திரிசபை சீர்திருத்தத் திட்டத்தை ஏற்றது. 2015இல் ஊர்கள் தாமாக விரும்பி ஒன்றுசேரச் சட்டம் வந்தது. 2020இல் நாடு முழுவதும் 1,469 ‘ஹ்ரொமாடா’ என்னும் ஊர்ச்சமூகங்களாக வகுக்கப்பட்டது. தனியார் வருமான வரியில் 60 சதவீதம் அவற்றிடமே தங்கிற்று. 2021இல் ஊரெல்லைக்கு அப்பாலிருந்த அரசாங்க விவசாய நிலங்களும் பெரும்பாலும் அவற்றின் உடைமையாயின. குத்தகைப் பணம் ஊர்ப்பெட்டியில் விழுவதற்கும் தலைநகரத் திறைசேரியில் விழுவதற்கும் உள்ள வேற்றுமையை நம் கமக்காரருக்கு விளக்கவும் வேண்டுமோ? தம் மன்றத்தை இழந்து பெரிய ஊரோடு இணைந்த சிற்றூர்களுக்கு மனக்குறை இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

போர் வந்தது. அகதிகளுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவதும் நீருக்கும் மின்பொறிக்கும் வழிதேடுவதும் ஊர்த்தலைவர் தலையில் விழுந்தன. தலைநகரின் உத்தரவுக்குக் காத்திருக்க அவகாசமில்லை. மெலிற்றோப்போல் நகரபிதா இவான் ஃபெடொரோவை 2022 மார்ச் 11ஆந் திகதி ரஷ்யப் படையினர் கடத்திச் சென்றனர். நகரமக்கள் வீதியில் இறங்கி அவரை விடுவிக்கக் கோரினர். வெறும் அலங்காரப் பதவியாயின் பகைவன் அவரைத் தேடிப் போயிருப்பானா?

நிற்க. இச்சீர்திருத்தம் எங்கே பலவீனமானது என்பதே சட்டம் பயின்றவர்கள் கேட்கவேண்டிய கேள்வி. அது சாதாரணச் சட்டங்களின்மேல் நிற்கிறது. அரசியலமைப்பைத் திருத்தும் மசோதா 2015 ஆகஸ்ட் 31ஆந் திகதி 265 வாக்குகளால் முதற்கட்டம் தாண்டியது. அன்று பாராளுமன்ற வாயிலில் கைக்குண்டு வெடித்துக் காவற்படையினர் உயிரிழந்தனர். கிழக்குப் பகுதிகளுக்கு விசேட ஏற்பாடு பற்றிய வாசகமே அத்தனை சினத்தையும் கிளப்பிற்று. மசோதா அதற்குமேல் நகரவில்லை. சாதாரணச் சட்டம் கொடுத்ததைச் சாதாரணச் சட்டமே எடுத்துக்கொள்ளலாம் அன்றோ? (அரசியலமைப்பில் எழுதினால் மட்டும் போதாது என்பதை, 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தோடு வாழ்ந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

எடுத்துக்கொண்டதெல்லாம் அநியாயம் என்று யாம் வாதிடவில்லை. போர்வீரரின் சம்பளத்தில் அறவிடப்பட்ட வருமான வரி, படைமுகாம் இருந்த ஊர்களில் மலைபோற் குவிந்தது. படைக்குத் தேவையிருக்க வீதிக்குக் கல்பதிக்கிறார்களே என்று மக்களே கொதித்தனர். 2023 முடிவதற்குள் அவ்வரியை மத்திய அரசு தன்னிடம் எடுத்தது, அது சரியே.

ஆனால் படை நிருவாகங்களின் கதை வேறு. ஜனாதிபதி ஆணையிட்டு ஒரு நகருக்குப் படை நிருவாகம் அமைக்கலாம். பாராளுமன்றம் இசைந்தால் மன்றத்தின் அதிகாரமும் அதன் தலைவர் கைக்குப் போகும். போர்முனை ஊரில் அது தவிர்க்க இயலாததாகலாம். செர்னிகிவ் நகரமோ 2022 வசந்தத்தில் முற்றுகையைத் தாங்கி மீண்டது. படை நிருவாகம் வந்ததோ 2023 பெப்ரவரியில்! தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் நியமன நிருவாகமும் அருகருகே நின்று மல்லுக்கட்டின. 2025 ஒக்டோபரில் ஒடேசா நகருக்கும் அவ்வாறே ஆணை பிறந்தது.

அதே மாதத்தில், 2020 ஒக்டோபரில் தெரிவான மன்றங்களின் ஐந்தாண்டுக் காலமும் நிறைந்தது. போர்ச்சட்டம் தேர்தலைத் தடுத்திருந்தது. பழைய உறுப்பினரே தொடர்ந்தனர். போர்ச்சட்டம் நீங்கி முப்பது நாள் வரையுமே படை நிருவாகங்களுக்கு ஆயுள் எனச் சட்டம் விதித்திருக்கிறது. அந்த முப்பது நாளையே ஊரவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.