உறைந்த இறால் வாங்கும் சுவிஸ் தமிழர் கேட்கத் தவறும் கேள்வி

சனிக்கிழமை மாலைகளில் சுவிற்சர்லாந்தின் தமிழ்க் கடைகளில் ஆழ்குளிரூட்டியைத் திறந்து இறால் பொதியைக் கையில் எடுக்கும் தமிழர், கடைக்காரரிடம் பெரும்பாலும் ஒரேயொரு கேள்வியையே கேட்கின்றனர்: விலை என்ன? அந்த இறால் எந்தக் கடலில், எந்த வலையால் பிடிக்கப்பட்டது என்ற கேள்வி எழுவதேயில்லை. தாயகக் கடற்றொழிலாளரின் துயரைக் கூட்டங்களில் கேட்டுக் கண்கலங்கும் அதே சமூகம், கடையில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கின்றது.

இக்கேள்வி வேறெவரையும்விட ஈழத்தமிழருக்கே நெருக்கமானது. இறால் கடலின் அடித்தளத்தை ஒட்டி வாழும் உயிரி. அதனைப் பெருமளவில் பிடிக்கும் இழுவைமடி, தரையை வாரிக்கொண்டே செல்கின்றது. கடற்புல்லும் மீன்குஞ்சும் நண்டும் அதே மடிக்குள் அகப்படுகின்றன. உலகக் கடல்களில் பிடிக்கப்பட்டுப் பயனின்றி வீசியெறியப்படும் மீன்களில் நான்கிலொரு பங்குக்கு மேல் வெப்பமண்டல இறால் இழுவைத் தொழிலிலிருந்தே வருவதாக ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2005 இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.

பாக்குநீரிணையில் இது புள்ளிவிபரமல்ல. போர் 2009 இல் முடிந்த பின்னர் மீண்டும் கடலுக்குச் சென்ற வடபகுதித் தொழிலாளர், மாலையில் விரித்த வலையைக் காலையில் துண்டு துண்டாகவே கண்டெடுத்தனர். எல்லை தாண்டி வந்த தமிழக இழுவைப் படகுகள் அவற்றை அறுத்துச் சென்றிருந்தன. இலங்கை 2017 இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்த பின்னரும் அவை வராமல் விடவில்லை. இதற்காக இராமேசுவரத்துப் படகுக் கூலியாளைப் பகைவனாக்குவது எளிது. ஆனால் அவனும் முதலாளியின் படகில் செல்பவனே. குருநகரிலும் தமிழர்களே இழுவைப் படகு ஓட்டினர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இப்படகுகள் பெருகியதற்கு முதற்காரணம் இறாலுக்கு வெளிநாடுகளில் கிடைத்த விலை. ஆகவே வெளிநாட்டில் இறால் வாங்குபவர் இந்த வழக்கில் வெறும் பார்வையாளர் அல்லர்.

பாக்குநீரிணையில் வாரப்பட்ட இறால்தான் சூரிச்சிலோ பேர்ணிலோ விற்கப்படுகின்றது என்று இங்கு குற்றஞ்சாட்டப்படவில்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்லாத பொதியைப் பற்றி எவராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே சிக்கல். சட்டவிரோத மீன்பிடிக்கு எதிரான இறக்குமதிக் கட்டுப்பாட்டைச் சுவிற்சர்லாந்து 2017 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்துகின்றது. அது ஆவணத்தைப் பார்க்கும், கடலடியைப் பார்க்காது.

எனவே சுட்டுத்துண்டை வாசிக்க வேண்டும். யேர்மன் மொழியில் "கெஃபாங்கன்" என்றிருந்தால் கடலில் பிடிக்கப்பட்டது, "ட்சுக்ட்" என்றிருந்தால் பண்ணையில் வளர்க்கப்பட்டது. "வன்னாமெய்" என்ற அறிவியற்பெயருடன் வரும் ஆசிய இறால் பண்ணை இறாலே. பிடிப்புப் பகுதி இலக்கம் 51 மேற்கு இந்து சமுத்திரம், 57 கிழக்கு இந்து சமுத்திரம். அவ்விலக்கம் மட்டும் வலையைச் சொல்லாது. கடல் இறாலுக்கு எம்.எஸ்.சி. அமைப்பின் நீல முத்திரை ஓரளவு உறுதி தருகின்றது. அம்முத்திரை பெற்றவற்றிலும் இழுவை வலையில் பிடித்தவை உண்டு. அந்த வலைகளுக்கேனும் கண்காணிப்பும் எல்லையும் உண்டு. பண்ணை இறாலே மாற்று என்போர், நாகப்பட்டினத்து வயல்களையும் குடிநீரையும் உப்பாக்கிய பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தொண்டர் செகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பை நினைவிற்கொள்வது நன்று.

இவற்றையெல்லாம் பள்ளியில் கற்றுவரும் பிள்ளை வீட்டில் கேள்வி கேட்டால், "பேசாமல் சாப்பிடு" என்பதே பதிலாகின்றது. அந்தப் பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று பொதியை வாசிக்கச் சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்?

முத்திரை பெற்ற இறால் விலை கூடியது என்பது உண்மையே. ஆயினும் மலிவுப் பொதியின் எடையில் ஒரு பகுதி பனிப்பூச்சு. பனி நீங்கிய நிகர எடையைக் கொண்டு கணக்கிட்டால் விலை வேறுபாடு குறையும். தலையும் ஓடும் உள்ள பச்சை இறாலை வாங்கினால் எதுவும் வீணாகாது. ஓட்டையும் தலையையும் வறுத்து அவித்து வடித்த சாறு ஒடியற்கூழுக்குப் போதுமான சுவையைத் தரும். சதை குறைவாக இருந்தாலும் குறை தெரியாது. வாரந்தோறும் மலிவு இறால் உண்பதிலும் மாதமொருமுறை நல்ல இறால் உண்பது மேல்.

எண்பதுகளில் அகதிகளாக வந்த தமிழரிற் பலர் சுவிஸ் உணவகச் சமையலறைகளிலேயே உழைத்தனர். குளிர்ச்சங்கிலி அறுபடக்கூடாது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இருந்தும் வேலையிடத்தில் ஒழுங்காகச் செய்பவர், வீட்டில் இறாலை வெந்நீரில் போட்டு இளக்குகின்றார்! பொதிக்குள் இறால்கள் ஒரே கட்டியாக ஒட்டி, உட்புறம் பனித்துகள் நிறைந்திருந்தால், அது இடையில் உருகி மீண்டும் உறைந்திருக்கக்கூடும், வாங்கலாகாது. குளிர்ப்பையில் கொண்டுவந்து, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் வைக்க வேண்டும். சமைப்பதற்கு முதல்நாள் இரவு வடிதட்டில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இளகவிட வேண்டும். அவசரமெனில் மூடிய பையோடு குளிர்நீரில் அமிழ்த்தலாம். பச்சையாக இளகியதை மீண்டும் உறையவைக்கலாகாது. கருமை படராதிருக்கச் சேர்க்கப்படும் சல்பைற்று, ஆஸ்துமா உள்ளோர் சிலருக்கு ஒவ்வாது என்பதால் சேர்பொருட் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

கறியெனில் புளியும் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் கூடிக் குழம்பு முழுதாகக் கொதித்த பின்னரே இறால் சேர வேண்டும். நிறம் மாறிச் சுருண்டு, நடுப்பகுதியும் வெண்மையாகியதும் இறக்கிவிட வேண்டும். அரைமணி நேரம் வேகவிட்டு இறப்பராக்கிய பின் "உறைந்த இறாலில் சுவையில்லை" என்பது இறாலின் குற்றமன்று.

தனிக் குடும்பத்தின் கேள்வியைக் கடைக்காரர் சிரித்தபடி கடந்துவிடலாம். திருமண மண்டபங்களுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் ஒன்றுகூடல்களுக்கும் இறால் பெட்டி பெட்டியாகவே வாங்கப்படுகின்றது. அந்தக் கொள்வனவுப் பட்டியலில் "இறால்" என்ற சொல்லுக்கு அருகே பிடித்த இடத்தையும் முறையையும் எழுதித் தருமாறு விழா நடத்துவோர் கேட்டால், மொத்த வியாபாரி மறுநாளே தம் இறக்குமதியாளரைத் தொலைபேசியில் அழைப்பார்.