காளியும் காலியிடமும்

"ரெஸ்லிங்கா? எல்லாம் பேசி வச்சு அடிச்சுக்கிறாங்கப்பா!" இதைச் சொல்லாத சித்தப்பா தமிழ்நாட்டில் உண்டா?

சரி சித்தப்பா, யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானதுதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் தசை கிழிவதை யாரும் பேசி வைப்பதில்லை. அது கிழிந்தால் பேசி வைத்ததெல்லாம் குப்பைக்குத்தான்.

2007-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சாம்பியன் அண்டர்டேக்கருக்கு பைசெப்ஸில் காயம். சாம்பியனோடு எப்போது வேண்டுமானாலும் மோதலாம் என்ற உரிமைப் பெட்டி மிஸ்டர் கென்னடியிடம் இருந்தது. அவருக்கும் அடி! பல மாதம் ஓய்வு தேவைப்படும் என்று நினைத்து பெட்டியை எட்ஜுக்கு மாற்றினார்கள். (கென்னடியின் காயம் அவ்வளவு பெரிதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பாவம் மனுஷன்.) அதே வாரம் எட்ஜ் சாம்பியன். ஜூலையில் எட்ஜுக்கு மார்புத் தசை கிழிந்து பட்டத்தைத் துறந்தார். 20 பேர் மோதிய பேட்டில் ராயலில் கடைசியாக நின்றவர் இமாச்சலப் பிரதேசத்தின் தலிப் சிங் ராணா, அதாவது நம்மூர்ப் பசங்க வாய்பிளந்து பார்த்த கிரேட் காளி!

செப்டம்பரில் பட்டம் பட்டிஸ்டாவிடம் போய்விட்டது. அக்டோபரில், ஒரு வருடத்துக்கும் மேல் சாம்பியனாக இருந்த ஜான் சீனாவுக்கும் மார்புத் தசை கிழிந்தது. பட்டம் ராண்டி ஆர்ட்டனுக்கு.

"இந்தியன் உலகையே ஜெயிச்சுட்டான்" என்று குதித்தவர்களும் சரி, "சும்மா லக்கு" என்று நக்கலடித்தவர்களும் சரி, ஒன்றைக் கவனிக்கவில்லை. காளிக்குக் கிடைத்தது வாய்ப்பு அல்ல, காலியிடம். ஆள் வந்ததும் அந்த இடம் பறிபோனது.

வெளியேறினாலும் இதே கதைதான். 2014 ஜனவரியில் சி.எம். பங்க் கிளம்பிப் போனார். மாதக்கணக்கில் ரசிகர்கள் தொண்டை கிழியக் கேட்டும் கிடைக்காத ரெஸில்மேனியா கடைசி மேட்ச், அதன் பிறகுதான் டேனியல் பிரயனுக்குக் கிடைத்தது. ஏப்ரலில் ஜெயித்தார். மே மாதம் கழுத்தில் ஆபரேஷன், ஜூனில் பட்டம் போச்சு!

இரண்டு மூன்று பேர் தலையில் மொத்த வியாபாரத்தையும் ஏற்றி வைப்பது என்ன நிர்வாகம்? ஐ.பி.எல். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். இங்கே சீசன் என்பதே கிடையாது. வருடம் முழுக்க வாராவாரம் விழ வேண்டும். உடம்பு என்ன இரும்பா?

இதில் கொடுமை என்னவென்றால், இந்த வீரர்கள் கம்பெனியின் ஊழியர்களே இல்லையாம், தனி ஒப்பந்ததாரர்களாம். ரிங்கில் பட்ட அடிக்கு வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். மற்றபடி ஊழியருக்கு உரிய மருத்துவக் காப்பீடோ ஓய்வூதியமோ கிடையாது. ஜவளகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது சட்டென்று புரியும். மெஷினில் விரல் நசுங்கினால் அடுத்த ஷிப்டில் அங்கே வேறு ஆள். அவருக்காவது சட்டப்படி இ.எஸ்.ஐ. உண்டு. கோடிக்கணக்கான பேர் பார்க்கும் சாம்பியனுக்கு அதுகூட இல்லை!

சண்டை பொய்யாகவே இருக்கட்டும். வருடத்தில் இரண்டு மாதம் கட்டாய ஓய்வும், ஊழியர் என்ற அந்தஸ்தும் கொடுக்கட்டும். பத்து பேரை முன்கூட்டியே வளர்த்து வைக்கட்டும். அடுத்த காளியாவது யாரும் அடிபடாமல் சாம்பியன் ஆகட்டும்.