மூளைக் காய்ச்சலுக்கு விதியா காரணம்?

மணிமுத்தாறு பாசனத்தில் பிசான நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கிறது. நட்டுவிட்டு வீடு திரும்பிய தாயின் குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. வாந்தி, பிறகு வலிப்பு. உடனே என்ன சொல்கிறார்கள்? "காத்து கருப்பு அடித்துவிட்டது!" வேப்பிலை அடிப்பதில் இரண்டு நாள் போகிறது.

தோழர்களே! ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸைச் சுமந்து வருவது வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு. கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் ரத்தத்திலிருந்து அது எடுத்து வருகிறது. பன்றி வளர்ப்பவனை மட்டும் ஏசுகிறவர்கள், கொக்கை யார் கட்டி வைப்பது என்றும் சொல்லட்டும்!

இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதலில் அறியப்பட்டது நமது வேலூரில், 1955ல். சீனா 1988லேயே தடுப்பூசிக்கு அனுமதி தந்தது. இங்கே கசௌலியில் எலி மூளையிலிருந்து தயாரித்த மருந்து கொஞ்சம் பேருக்குத்தான் எட்டியது. 2005ல் உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மாண்ட பிறகே 2006ல் அந்தச் சீனத் தடுப்பூசி வந்தது. 51 வருஷம்! இதுவும் விதிதானா?

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றும் இல்லை. வலிப்பை அடக்கி, மூச்சைக் காத்து, உயிரைப் பிடித்து வைக்கத்தான் முடியும். ஆனால் அதே அறிகுறிகளோடு வரும் பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சலுக்கு மருந்து உண்டு. அங்கே ஒவ்வொரு மணியும் உயிர். காசநோய்க் கிருமி மூளையுறையைத் தாக்கினாலும் மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். எது என்று பிரித்தறிய உதவுவது முதுகுத்தண்டு நீர். "அந்த ஊசி போட்டால் கால் விளங்காது" என்று டீக்கடையில் பேசுகிறார்களே, அது தவறு. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. மூளை வீக்கம் கடுமையாக இருந்தால் டாக்டரே தள்ளிப்போடுவார். அப்போதும் மருந்து காத்திருக்கக் கூடாது. காலை முடக்குவது வியாதி, பழி ஊசிக்கு!

அறியாமை என்று நம்மை ஏளனம் செய்யும் கனவான்களுக்கும் ஒரு கேள்வி. 108க்குப் போன் செய்து பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. குழந்தையின் கட்டிலருகே இருக்கும் தாய்க்கு அன்றாடக் கூலி யார் தருவது? மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு, குடும்பத்துக்கு வைத்தியமும் உண்டு. ஆனால் நோய்க்கால உதவித்தொகை அவன் படுத்தால்தான். பிள்ளை படுத்தால் இல்லை. வயல் கூலிக்கோ அதுவும் கிடையாது.

காவலிருக்கும் நாளுக்குக் கூலி வேண்டும். முதல் ஊசி மருந்து தாலுகா ஆஸ்பத்திரியிலேயே போடப்பட்டு, அதன்பின் வண்டி கிளம்ப வேண்டும். இந்த இரண்டையும் கிராம சபையில் தீர்மானமாக எழுதுங்கள்.