தலைவிதியும் தற்செயலும்

எல்லாம் தலையெழுத்துப்படியே நடக்கிறதென்கிறார்கள் வைதீகர்கள். அப்படியானால் மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்திலுள்ள யுரேனியத்தில் எந்த அணு எந்த நிமிஷத்தில் சிதையும் என்று எந்த ஜோசியராவது சொல்லட்டும், பார்ப்போம். விஞ்ஞானிகளுக்கே அது முடியாது. மொத்தத்தில் பாதி சிதையும் காலத்தைத்தான் கணக்கிடுவார்கள். அது சுத்தத் தற்செயலா, ஒளிந்த காரணம் உண்டா என்பது இன்னும் வாதத்திலேயே இருக்கிறது. காரணம் இருந்தாலும் அது முன்ஜென்ம வினையாகாது.

அணுவின் கதை எப்படியிருந்தாலும், 2004 டிசம்பர் 26-ல் இக்கரையில் மாண்டவர்களை விதி கொல்லவில்லை. சுமத்திராவருகே கடலடியில் பூமி அதிர்ந்து, அலை இங்கு வர இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. எச்சரிக்கை ஏற்பாடு இருந்திருந்தால் பலர் தப்பியிருக்கலாம். ஐதராபாத்தில் அது 2007-ல்தான் ஏற்பட்டது. ஆகவே விதியென்பது, செய்யத் தவறியவர்களின் பொறுப்பை மறைக்கும் திரையேயல்லாமல் வேறென்னவென்று கேட்கின்றோம்.