முதல் தோட்டா

வானில் எறியப்படும் களிமண் தட்டைச் சுடப் பழக வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் பெரியவர்களுக்குரிய 12 போர் துப்பாக்கியையும் கனத்த தோட்டாவையும் கொடுத்து, அதன் உதையில் அவன் பின்னே சாய்வதைக் கண்டு சிரிக்கும் வழக்கத்தை நான் கொடுமை என்றே சொல்வேன். ஏனெனில் அந்த ஓர் உதையில் பிறந்த பயம், விசையை அழுத்தும் தறுவாயில் கண்ணை மூடிக்கொள்ளும் அப்பியாசமாகி, வருஷக்கணக்கில் அவனை விடாது. அதைவிடச் சிறிய 20 போர் துப்பாக்கியும், இலேசான தோட்டாவும், அவன் கைக்கு அளவாகக் குறுக்கிய தோள்கட்டையும், காதுக்கு நல்ல காப்பும் போதும். ஆனால் தோட்டாவைத் தொடுமுன்னரே செய்யவேண்டிய பரீக்ஷை ஒன்றுண்டு: இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கிடையே சிறு துவாரம் அமைத்து, அதன் வழியே தூரத்து மரமொன்றைப் பார்க்கச் சொல்லி, கண்களை ஒவ்வொன்றாக மூடச் செய்தால், எதை மூடும்போது மரம் மறைகிறதோ அதுவே அவனுடைய பிரதானக் கண். வலது தோளில் துப்பாக்கி வைக்கும் பிள்ளைக்கு இடக்கண் பிரதானமாயிருப்பதை அறியாமல், குறி தவறியதற்காக அவனைக் கடிந்துகொள்வது எவ்வளவு அநியாயம்! இனி, சுடப்படும் தட்டைப் பற்றி: களிமண் தட்டு என்ற பழைய பெயர் நிலைத்துவிட்டதே தவிர, இன்று அது சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து வார்த்தது. ஒலிம்பிக் போட்டிகளில் அதன் விட்டம் 110 மில்லிமீட்டர்தான். அதைச் சுடுகிறவன் குழலைப் பாராமல் தட்டையே பார்த்து, விசையை அழுத்திய பின்னும் குழலை நிறுத்தாமல் அதன் போக்கிலேயே ஓட்டவேண்டும். எதிரே நேராக விலகிச் செல்லும் தட்டு ஒன்று ஆகாயத்தில் கரும்பொடியாகச் சிதறியதும், அந்தப் பிள்ளை ஆனந்தத்தில் திரும்பிப் பார்க்காமல், முதலில் துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழல் காலியென்று காட்டிய பிறகே சிரிக்கிறான்.